தைராய்டு கூடினால் பீதி கூடுமா? எலிகள் சுற்றி வளைத்துச் சொல்லும் பதில்

இங்கிலாந்தின் பாத் நகரில் கேலப் ஹில்லியர் பாரி என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் எழுதி வைத்த நோயாளிக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு, 1825இல் அச்சாயின. அதில் 21 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். சக்கர நாற்காலியில் சரிவில் வேகமாக இறங்கும்போது தூக்கி எறியப்பட்டவள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் நன்றாகப் பயந்துவிட்டாள். அன்று தொடங்கிய நெஞ்சுப் படபடப்பு நிற்கவே இல்லை. இரண்டு வாரம் போனதும் கழுத்தில் வீக்கம் தெரிந்தது. வீங்கியிருந்தது தைராய்டு சுரப்பி.

பத்தாண்டு கழித்து, 1835இல், டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் இதே சேர்க்கையைச் சில பெண்களிடம் கண்டு விவரித்தார். கடுமையான படபடப்பு, கழுத்து வீக்கம், ஒருத்திக்குப் பிதுங்கிய கண்கள். இன்று கிரேவ்ஸ் நோய் என்று சொல்வது இதைத்தான். அவர்களில் ஒருத்திக்கு வந்தது ஹிஸ்டீரியா என்றுதான் முதலில் நினைத்தார்களாம். 20 வயதுப் பெண் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் மனசுதான் காரணம் என்று முடிவு கட்டும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

பயம் சுரப்பியைக் கிளப்பியதா, சுரப்பி பயத்தைக் கிளப்பியதா? இந்தக் கேள்விக்கு வயது இருநூறு ஆகிறது. மனிதர்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை அவிழ்க்க முடியாது. தைராய்டு மிகுந்தவருக்கு இதயம் ஓடும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். பீதித் தாக்கு வந்தவருக்கும் கிட்டத்தட்ட இதேதான். அறிகுறிகள் ஒன்றின் மேல் ஒன்று அச்சடித்தாற்போல் கிடக்கும்போது எது முன், எது பின் என்று எப்படிப் பிரிப்பது? அதனால்தான் கேள்வி விலங்குக் கூடத்துக்குப் போனது.

முதலில் முயல். ஜெர்மனியில் 1950களின் தொடக்கத்தில் கிராக்ட் என்ற ஆய்வாளர் காட்டு முயல்களைத் திரும்பத் திரும்பப் பயமுறுத்தினார். அவற்றுக்குத் தைராய்டு மிகைப்பு வந்தது, இளைத்தன, பல செத்தும் போயின. இதற்கு அங்கே வைத்த பெயர் 'ஷ்ரெக்பாசெடோ'. ஷ்ரெக் என்றால் திகில். பாசெடோ என்பது கிரேவ்ஸ் நோயை 1840இல் தனியாக விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயர். ஆக, 'திகில் தைராய்டு'. பாரியின் நாற்காலிப் பெண்ணுக்கு ஒரு முயல் சாட்சி கிடைத்துவிட்டது.

ஆனால் அதே பாடத்தை எலியிடம் கேட்டால் தலைகீழாகச் சொல்கிறது. தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சி தரப்பட்ட எலிகளின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் ஏறவில்லை, இறங்கியது. நீடித்த நெருக்கடியில் உடல் செலவைக் குறைத்துக்கொள்ளும், அதில் தைராய்டு அச்சும் (மூளையிலிருந்து சுரப்பி வரை போகும் கட்டளைத் தொடர்) ஒரு படி தாழும் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ஒரே கேள்வி, இரண்டு விலங்கு, எதிரெதிர் பதில். இந்தத் துறையின் கதை முழுக்க இப்படித்தான். யார் இரண்டு வரியில் 'தைராய்டு ஹார்மோன் பயத்தைக் கூட்டும்' என்று எழுதினாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

எலிக்குப் பீதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எலி வாய் திறந்து 'செத்துவிடுவேன்போல் இருக்கிறது' என்று சொல்லப்போவதில்லை. அதன் நடத்தையைத்தான் பார்க்க முடியும். அங்கேயும் ஒரு சிக்கல்: பதற்றம் வேறு, பீதி வேறு. பூனை இருக்கலாம் என்று தயங்கித் தயங்கி மூக்கை நீட்டுவது பதற்றம். பூனை பாய்ந்துவிட்டது, இனி யோசிக்க நேரமில்லை என்று கண்மண் தெரியாமல் ஓடுவது பீதி. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் இரண்டும் கலந்து கிடக்கும். படிக்கிறவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டையும் ஒரே மேடையில் பிரித்துக் காட்டும் கருவி ஒன்று உண்டு. பிரேசிலில் ஃபிரெடெரிகோ கிரேஃப் குழுவினர் 1993இல் அறிமுகப்படுத்திய உயர்த்திய டி-வழிப்புதிர் அது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் மூன்று கைகள் கொண்ட பலகை. ஒவ்வொரு கையும் 50 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம். ஒரு கைக்கு மட்டும் 40 சென்டிமீட்டர் சுவர், மற்ற இரண்டும் திறந்த வெளி. எலியைச் சுவர் உள்ள கையின் உள்கோடியில் விடுகிறார்கள். அது வெளியே எட்டிப் பார்க்கும், பிடிக்காது, திரும்பிவிடும். மறுபடி விடும்போது வெளியே வர இன்னும் நேரம் எடுக்கும். மூன்றாம் முறை உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். இந்தத் தயக்கத்தை நொடிக் கணக்கில் அளக்கிறார்கள். இது பதற்றப் பக்கம்.

அப்புறம் அதே எலியைத் தூக்கித் திறந்த கையின் நுனியில் வைக்கிறார்கள். சுற்றிலும் ஒன்றுமில்லை, கீழே பள்ளம். எலி சுவருக்குள் ஓட எத்தனை நொடி எடுக்கிறது? இது தப்பியோட்டம், பீதிப் பக்கம். ஏன் இதைப் பீதி என்று ஏற்றுக்கொண்டார்கள் என்றால், மருந்துகள் கொடுத்த சாட்சியால்தான். மனிதர்களின் பீதி நோய்க்குப் பல வாரம் கொடுத்தால் பலன் தரும் இமிப்ரமின், ஃபுளூஆக்செட்டின் போன்றவை எலியின் தப்பியோட்டத்தைத் தாமதப்படுத்துகின்றன. பொதுவான பதற்றத்துக்குக் கொடுக்கும் பஸ்பிரோன் முதல் பக்கத்தை மட்டும் தொடுகிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை. மருந்து மனிதரில் எங்கே பிரிக்கிறதோ அங்கேயே எலியிலும் பிரிக்கிறது.

இன்னொரு வழி நேராக மூளைக்குள் இறங்குவது. நடுமூளையில் ஒரு மெல்லிய நீர்க்குழாய் ஓடுகிறது. அதைச் சுற்றியுள்ள சாம்பல் திசுவின் முதுகுப் பக்கத்தில் மின்முனையைப் பொருத்தி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். முதலில் எலி உறைந்து நிற்கும், கண் பிதுங்கும். இன்னும் ஏற்றினால் விறுவிறுவென நடை, அடுத்து நாலுகால் பாய்ச்சல், கடைசியில் சுவரைத் தாண்டுவதுபோல் குதி. மின்னோட்டத்தை நிறுத்தினால் அத்தனையும் சட்டென நிற்கும். அறுவைச் சிகிச்சையின்போது இதே இடம் தூண்டப்பட்ட மனிதர்கள் பெரும் அச்சத்தையும், யாரோ துரத்துவதுபோன்ற உணர்வையும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எலியின் அந்தப் பாய்ச்சலைப் பீதிக்கு ஒப்பாக வைப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

கண் பிதுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேவ்ஸ் நோயிலும் கண் பிதுங்கும், மூளை தூண்டப்பட்ட எலிக்கும் கண் பிதுங்கும். இரண்டுக்கும் மருத்துவ நூல்களில் ஒரே சொல்தான். ஆனால் முதலாவது கண்ணுக்குப் பின்னால் உள்ள திசு அழற்சியால் வீங்குவதால் மாதக்கணக்கில் வருவது; இரண்டாவது பரிவு நரம்பின் வேலை, நொடியில் வந்து நொடியில் போகும். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது.

ரத்தத்தில் ஒன்று, மூளையில் ஒன்று

சரி, ஹார்மோன் பக்கம் வருவோம். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்னும் தைராக்சினைத்தான் விடுகிறது. எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் அன்று படிகமாகப் பிரித்தெடுத்தது இதைத்தான். ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள். இது கையிருப்பு மாதிரி. ஒரு அயோடினைக் கழற்றினால் டி3. உண்மையில் வேலை செய்வது இந்த டி3தான். அப்படி ஒன்று இருப்பதே 1952இல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மூளை தனக்கு வேண்டிய டி3-இல் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது. நியூரான்களைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்களில் இரண்டாம் வகை டீஅயோடினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் வரும் டி4-ஐ அது டி3-ஆக மாற்றிப் பக்கத்து நியூரானுக்குக் கொடுக்கும். நியூரானில் இருக்கும் இன்னொரு நொதி, மூன்றாம் வகை, மிஞ்சிய டி3-ஐ உடைத்துச் செயலிழக்க வைக்கும். ஒன்று குழாயைத் திறக்கிறது, மற்றது வடிகாலைத் திறக்கிறது. ஆகவே ரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூளை ஒரு எல்லை வரை தன் அளவைச் சமாளித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தால் என்ன ஆகும் என்று பார்த்த இரண்டு சுண்டெலி ஆய்வுகளும் 2016இல் வந்தவை. இந்த விஷயத்தில் யாராவது இரண்டே ஆய்வு சொல்லு என்று கேட்டால் நான் இவற்றைத்தான் சொல்வேன்.

முதலாவதில், ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் அந்த இரண்டாம் வகை நொதியை நீக்கினார்கள். ரத்தப் பரிசோதனை செய்தால் எல்லாம் இயல்பு. மூளையில்தான் டி3 உற்பத்தி குறைந்தது. அந்த ஆண் சுண்டெலிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஒத்த நடத்தையைக் காட்டின. இரண்டாவதில் மூன்றாம் வகை நொதி இல்லாத சுண்டெலிகள். அவற்றின் உடலில் தைராய்டு குறைவு, மூளையிலோ மிகைப்பு. ரத்த அறிக்கையை மட்டும் பார்த்தால் சோம்பிக் கிடக்க வேண்டியவை. ஆனால் அவை ஓயாமல் ஓடின, பதற்ற நடத்தை வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது.

கொஞ்சம் நின்று யோசித்தால் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். மூளையில் டி3 குறைந்தபோது பதற்றம் கூடியது, கூடியபோது குறைந்தது. பாரியின் பெண்ணும் கிரேவ்ஸின் பெண்களும் சொன்னதற்கு நேர் எதிர். அப்படியானால் தைராய்டு மிகைப்பில் வரும் அந்த நெஞ்சுத் துடிப்பும் பயமும் மூளையிலிருந்து வரவில்லையா? இதற்கான பதிலைப் பிறகு பார்க்கலாம்.

2024இல் வந்த ஒரு ஹார்வர்ட் ஆய்வும் இதே திசையில் போகிறது. சுண்டெலிகளின் டி3-ஐ ஏற்றினால் அவை அதிகம் சுற்றித் திரிந்து ஆராய்ந்தன. அந்த மாற்றத்துக்கு டி3 பெருமூளைப் புறணியின் செல்களிலேயே நேரடியாகச் செயல்படுவது தேவைப்பட்டது. உணவும் வெப்பமும் தாராளமாகச் செலவாகும் காலத்தில் வெளியே போய்த் தேட வேண்டும் என்று உடலும் மூளையும் ஒரே கட்டளையில் இயங்குவதாக அதைப் புரிந்துகொள்ளலாம். பயந்து ஒளிவதற்கு இதில் இடமே இல்லை.

ஹார்மோன் இல்லாத ஏற்பியும் சும்மா இருப்பதில்லை

டி3 செல்லுக்குள் போய் ஓர் ஏற்பியில் உட்காரும். அந்த ஏற்பி மரபணுக்களின் மேல் உட்கார்ந்திருக்கும். இங்கேதான் பலர் தவறவிடும் நுட்பம் இருக்கிறது. டி3 வராதபோது ஏற்பி வேலையற்றுக் கிடப்பதில்லை, மரபணுவை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். டி3 வந்தால் பிடி தளர்ந்து, அதே ஏற்பி மரபணுவை முடுக்கிவிடும். ஆகவே 'ஹார்மோன் இல்லை' என்பதும் 'ஏற்பி இல்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் கை அழுத்திக்கொண்டே இருக்கிறது, பின்னதில் கையே கிடையாது.

சுவீடனில் பியோர்ன் வென்ஸ்ட்ரோம் குழுவினர் ஆல்ஃபா-1 என்னும் ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். டி3-ஐப் பிடிக்கும் திறன் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய ஏற்பி அது. ரத்தத்தில் டி3 இருந்தும் இந்த ஏற்பிக்குப் போதவில்லை, அமுக்கல் தொடர்ந்தது. 2005இல் வெளியான முடிவு: அந்தச் சுண்டெலிகளுக்குக் கடுமையான பதற்றம், நினைவுக் கோளாறு, நடையில் தள்ளாட்டம். ஆனால் டி3-ஐ நிறைய ஏற்றிக் கொடுத்தபோது, வளர்ந்த சுண்டெலியிலும் பதற்றம் தணிந்தது. நடைக் கோளாறு அப்படி வழிக்கு வரவில்லை, அதற்கு வளர்ச்சிப் பருவத்திலேயே ஹார்மோன் கிடைத்திருக்க வேண்டும்.

அதாவது சில சேதங்கள் காலம் கடந்தால் கடந்ததுதான், சிலவற்றை எப்போதும் திருப்பலாம், பதற்றம் இரண்டாவது வகை. தைராய்டுக்குக் காலக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது 1912லிருந்தே தெரிந்த விஷயம். குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் துண்டுகளை ஊட்டினார். அவை வளர்வதற்கு முன்பே ஈயளவு தவளைகளாக மாறிவிட்டன. சாதாரண எலிக்குப் பிறந்த முதல் மூன்று வாரம்தான் அந்த முக்கியமான காலம். தாய்க்கு மருந்து கொடுத்து அப்போது ஹார்மோனைக் குறைத்த குட்டிகளையும், வளர்ந்த பிறகு குறைத்த எலிகளையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டால் வருவது குழப்பம் மட்டும்தான். அப்படி ஒப்பிட்டு எழுதிய பத்திகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வளர்ந்த எலியில் தைராய்டைக் குறைத்த ஆய்வுகளில், பயந்த சம்பவத்தை அழுத்தமாக நினைவில் வைத்துக்கொண்டு அதிகம் உறைந்து நிற்பது காணப்பட்டிருக்கிறது. ஆல்ஃபா-1 ஏற்பியே இல்லாத சுண்டெலிகளும் கூடுதலாக உறைந்தன. உறைதல் என்பது பயந்து கற்றதன் அடையாளம். அதை அப்படியே தப்பியோட்டக் கணக்கில் சேர்க்க முடியாது. பீதியின் கணக்குப் புத்தகம் வேறு.

பீதியின் சொந்தக் கணக்கு

பீதியைப் பற்றி விலங்கு ஆய்வாளர்களிடையே செல்வாக்குள்ள கருத்து ஒன்று 1991இல் டீக்கினும் கிரேஃபும் முன்வைத்தது. செரடோனின் என்னும் நரம்புக் கடத்தி, அமிக்டலா என்னும் மூளைப் பகுதியில் பதற்றத்தைக் கூட்டுகிறது, ஆனால் நடுமூளையின் அந்தச் சாம்பல் பகுதியில் பீதியை அடக்குகிறது. ஒரே ரசாயனம், இரண்டு இடம், இரண்டு வேலை. செரடோனினைக் கூட்டும் மருந்துகள் தொடக்க நாட்களில் பதற்றத்தைக் கிளப்பிவிட்டு, வாரங்கள் போனபின் பீதியைத் தணிப்பது ஏன் என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

இப்போது தைராய்டை இதில் பொருத்திப் பாருங்கள். செரடோனின் நியூரான்களுக்குத் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ளும் ஒரு ஏற்பி உண்டு. எலிகளுக்கு டி3 கொடுத்தால் அந்தக் கடிவாளம் தளர்கிறது, செரடோனின் கூடுதலாக வெளிவருகிறது. மனச்சோர்வு மருந்தோடு டி3-ஐயும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1969இலிருந்து இருப்பதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. டீக்கின்-கிரேஃப் கருத்து சரியென்றால், டி3 பீதியை அடக்க வேண்டும்.

ஆனால் அதே டி3 இன்னொரு பக்கம் வேறு வேலை செய்கிறது. மேரி டிராட்மன் என்ற ஆய்வாளர் எலி மூளையில் டி3 எங்கெங்கே தங்குகிறது என்று தேடியபோது, நார்அட்ரினலின் அமைப்பில், அதிலும் லோகஸ் செருலியஸ் என்னும் சிறு கருவில், அது குவிந்திருந்தது. மூளையின் அபாயச் சங்கு என்று அந்தக் கருவைச் சொல்லலாம். நார்அட்ரினலினும் தைராய்டு ஹார்மோனும் ஒரே மூலப்பொருளிலிருந்து, டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, பிறப்பவை. டி3-ஐயே ஒரு நரம்புக் கடத்தியாகக் கருதலாம் என்று டிராட்மன் வாதிட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இல்லை என்றாலும் எனக்கு அது சும்மா தள்ளிவிடக்கூடியதாகத் தோன்றவில்லை. இவை போதாதென்று, நியூரான்களை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியை டி3 நேரடியாக மட்டுப்படுத்துவதும் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. இந்த இரண்டும் பீதியைக் கூட்டும் பக்கம்.

ஒரே ஹார்மோன் ஒரு கையால் பிரேக்கையும் மறு கையால் ஆக்சிலரேட்டரையும் பிடித்திருக்கிறது. எந்தக் கை ஓங்கும் என்பது அளவையும், எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதையும், விலங்கின் வயதையும் பொறுத்தது. ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்கு ஆய்வாளர்களின் கவனக்குறைவு மட்டும் காரணம் இல்லை.

மேலிருந்து வரும் மூன்று எழுத்து

தைராய்டு அச்சின் உச்சியில் டி.ஆர்.ஹெச். இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் விடும் இந்தத் துணுக்கு, அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும், பிட்யூட்டரி டி.எஸ்.ஹெச்.-ஐ விட்டுத் தைராய்டைத் தட்டும். மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட இதன் அமைப்பை 1969இல் ரோஜர் கிய்மென் குழுவும் ஆண்ட்ரூ ஷாலி குழுவும் போட்டி போட்டுக்கொண்டு கண்டுபிடித்தன. ஒருவர் செம்மறி ஆடுகளின் மூளைகளை அரைத்தார், மற்றவர் பன்றிகளின் மூளைகளை, இருவரும் லட்சக்கணக்கில். 1977 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், மூளையில் உள்ள டி.ஆர்.ஹெச்.-இல் பெரும்பகுதிக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஹைபோதலாமஸுக்கு வெளியே பரவிக் கிடந்து விழிப்பைத் தூண்டுகிறது. தூக்க மருந்து கொடுத்து மயங்கிக் கிடக்கும் எலிக்கு இதைக் கொடுத்தால் சீக்கிரமே எழுந்துவிடும். மூளைக்குள் நேராகச் செலுத்தினால், நனைந்த நாய் உதறுவதுபோல் எலி உடம்பை உதறும். ஆய்வாளர்கள் அதை 'நனைந்த நாய் உதறல்' என்றே அழைக்கிறார்கள், எண்ணிக் கணக்கும் வைக்கிறார்கள்.

பீதியோடு இதை இணைக்கும் கண்ணி ஒரெக்சின். விழிப்புக்குப் பொறுப்பான இந்த நியூரான்களை டி.ஆர்.ஹெச். கிளர்த்துகிறது என்று 2009இல் காட்டினார்கள். மறுபக்கம், 1967லிருந்தே தெரிந்த ஒரு செய்தி: பீதி நோய் உள்ளவர்களுக்குச் சோடியம் லாக்டேட்டை நரம்பு வழியாக ஏற்றினால் பலருக்குத் தாக்கு வந்துவிடும். ஹைபோதலாமஸின் ஒரு பகுதியில் காபா தடுப்பைக் குறைத்து வளர்த்த எலிகளும் அப்படியே: லாக்டேட் ஏற்றினால் இதயம் ஓடும், ரத்த அழுத்தம் ஏறும், ஒதுங்கிக்கொள்ளும். 2010இல் அந்த எலிகளின் ஒரெக்சினை அடக்கியபோது இந்த எதிர்வினை தணிந்தது. டி.ஆர்.ஹெச். ஒரெக்சினைக் கிளர்த்தும், ஒரெக்சின் பீதிக்கு வேண்டும். இரண்டு கண்ணியும் தனித்தனியே உறுதி. சேர்த்தால் சங்கிலி ஆகிவிடும் என்று ஆசை வரும். ஆனால் மனிதர்களிடம் செய்த சோதனை அந்த ஆசைக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. பீதி நோயாளிகளுக்கு டி.ஆர்.ஹெச்.-ஐ நரம்பில் ஏற்றியபோது ரத்த அழுத்தமும் துடிப்பும் ஏறின, உடம்பில் என்னவோ செய்தது, ஆனால் பீதித் தாக்கு வரவில்லை. நரம்பில் ஏற்றியது மூளைக்குள் அவ்வளவாகப் போகாது என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். சொல்லட்டும். நெஞ்சு அடித்துக்கொண்டால் மட்டும் பீதி வந்துவிடாது என்பது அதில் உறுதியாகிறது.

அப்போ இதயம்?

முன்னே தள்ளி வைத்த கேள்விக்கு இப்போது வரலாம். மூளையில் டி3 கூடினால் பதற்றம் குறைகிறது என்றால், தைராய்டு மிகைப்பில் பயம் எங்கிருந்து வருகிறது?

எலியின் இதயத்தில் தைராய்டு ஹார்மோன் பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்பது 1977இல் காட்டப்பட்டது. அட்ரினலின் அதே அளவுதான், கேட்கும் காதுகள் அதிகம். இதயம் சின்ன விஷயத்துக்கும் துள்ளும். ஆனால் துள்ளும் இதயம் பயத்தை உண்டாக்குமா, அல்லது பயத்தின் விளைவா என்பது ஒரு நூற்றாண்டுச் சண்டை. 2023இல் ஸ்டான்ஃபோர்டின் கார்ல் டைசராத் குழு இதற்கு அழகான ஒரு வழி கண்டது. ஒளிபட்டால் இயங்கும் புரதம் ஒன்றைச் சுண்டெலியின் இதயத் தசையில் உருவாகச் செய்தார்கள். ஒளி விளக்கு பொருத்திய சின்னச் சட்டை ஒன்றை அதற்கு மாட்டிவிட்டார்கள். விளக்கு மினுக்கினால், மார்பைத் திறக்காமலே, இதயம் நிமிடத்துக்கு 900 முறை அடிக்கும். மருந்து இல்லை, ஹார்மோன் இல்லை, துடிப்பு மட்டும்.

சாதாரணக் கூண்டில் சுண்டெலிக்கு இது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. ஆனால் ஆபத்து இருக்கக்கூடிய இடத்தில், திறந்த வெளியில், தண்ணீருக்காக நெம்புகோலை அமுக்கினால் எப்போதாவது மின்னதிர்ச்சி கிடைக்கும் என்ற நிலையில், துடிப்பு கூட்டப்பட்டவை பின்வாங்கின. மூளையின் பின்புற இன்சுலாவை அடக்கியதும் அந்தப் பின்வாங்கல் குறைந்தது. உடம்பின் உட்செய்தியைப் படிக்கும் பகுதி அது.

இந்த ஆய்வில் தைராய்டு என்ற சொல்லுக்கே வேலையில்லை. இருந்தும் தைராய்டு புதிரின் பெரிய துண்டு இதுதான் என்பது என் கணிப்பு. தைராய்டு மிகைப்பு இதயத்தை ஓட வைக்கிறது. சூழல் சாதாரணமாக இருக்கும்வரை அது வெறும் படபடப்பு. சூழலில் கொஞ்சம் சந்தேகம் கலந்தால், மூளை அந்தத் துடிப்பை ஆபத்தின் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது. டி.ஆர்.ஹெச். ஏற்றப்பட்டவர்களுக்குப் படபடப்பு வந்தும் பீதி வராததும் இதோடு முரண்படவில்லை.

எலி ஆய்வுகளைப் படிக்கும்போது மறக்கக் கூடாத சில கசடுகளும் உண்டு. தைராய்டு கூட்டிய எலி எதற்கும் வேகமாகத்தான் ஓடும். டி-வழிப்புதிரில் அது சுவருக்குள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அது பீதியா, வெறும் சுறுசுறுப்பா? அதற்காகத்தான் திறந்த மேடையில் மொத்த நடமாட்டத்தையும் தனியாக அளப்பார்கள். அளக்காத ஆய்வை அதிகம் நம்ப வேண்டியதில்லை. மருந்தளவும் தொல்லை. மனித ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும், எலியில் ஒரு நாள்கூட ஆகாது. அறுவை செய்து சுரப்பியை எடுத்தால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டும் போய்விடும், கால்சியம் விழும், அதுவே நரம்புகளை முறுக்கிவிடும். பெரும்பாலான சோதனைகள் ஆண் விலங்குகளில் நடந்தவை; தைராய்டு கோளாறோ பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், பீதி நோயும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மருத்துவரிடம் பீதித் தாக்கு என்று போனால் டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்வது சரியான பழக்கம்தான். சுரப்பி மிகையாக இருந்தால் அதைச் சரிசெய்யலாம், அதுவரை துடிப்பை அடக்க புரோப்ரனோலால் போன்ற பீட்டா தடுப்பான் கொடுக்கலாம். அந்த மாத்திரை இதயத்தையும் அடைகிறது, ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள்ளும் போகிறது. படபடப்போடு பயமும் தணிந்தால் எந்த இடத்தில் தணிந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மூளைக்குள் அதிகம் நுழையாத அட்டெனோலால் போன்ற ஒன்றை, தைராய்டு கூட்டிய எலிக்குக் கொடுத்து, திறந்த கையின் நுனியில் விட்டு நொடிகளை எண்ணினால் பதிலின் ஒரு பாதியாவது தெளியும். சட்டை போட்ட அந்தச் சுண்டெலிக்குத் தைராக்சினையும் சேர்த்துக் கொடுத்தால் மறு பாதி.